ரைல்ஸ் டியூப்பும் பஞ்சத்துக் கஞ்சியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஐ.சி.யூ. வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை பழகிவிடும். ரைல்ஸ் டியூப். மூக்கு வழியாக இரைப்பை வரைக்கும் போகிற மெல்லிய குழாய். "டியூப் ஃபீட் போகுதா?", "ரைல்ஸ் டியூப்ல பால் ஏத்தியாச்சா?" என்று பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார்கூடச் சரியாகச் சொல்லுவார்கள். ரைல் என்பது ஒரு மனிதருடைய பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

ஜான் ஆல்ஃபிரட் ரைல், லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர். 1921இல் அவர் இந்தக் குழாயை விவரித்து எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அவர் அதைச் செய்தது சோறு ஊட்டுவதற்கு அல்ல. இரைப்பையில் எவ்வளவு அமிலம் சுரக்கிறது என்று பார்ப்பதற்கு. நோயாளிக்கு ஒரு கஞ்சியைக் குடிக்கக் கொடுத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் குழாய் வழியாக உறிஞ்சி எடுத்துச் சோதிப்பார்கள். வெளியே எடுக்கப் பிறந்த குழாய், உள்ளே கொடுக்கிற குழாயாக நம் ஊரில் பெயர் வாங்கிவிட்டது. அந்த ரைல் கேம்பிரிட்ஜில் பெரிய பேராசிரியர் பதவியில் இருந்தவர். அதை விட்டுவிட்டு 1943இல் ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மருத்துவத்துக்கென்று புதிதாக ஏற்படுத்திய பேராசிரியர் இடத்துக்குப் போனார். வறுமைக்கும் நோய்க்கும் என்ன உறவு என்று ஆராய்கிற துறை அது.

அவருக்கு முன்னாலும் குழாய் இருந்தது. 1790இல் லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர், விழுங்க முடியாமல் போன ஒருவருக்கு, திமிங்கல எலும்புக் குச்சியின்மேல் விலாங்கு மீன் தோலைப் போர்த்தி ஒரு குழாய் செய்தார். அதன் வழியே அவர் கொடுக்கச் சொன்னவை முட்டை அடித்த தண்ணீர், சர்க்கரை, பால், ஒயின். அடுப்படியில் இருந்த சாமான்தான். அந்த ஆள் பிழைத்து மறுபடி விழுங்கக் கற்றுக்கொண்டார்.

ஆகவே, மயங்கிக் கிடக்கிறவருக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுக்க முடியும் என்பது பழைய சங்கதி. என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எத்தனை வேகத்தில் கொடுப்பது என்பதில்தான் இருநூறு வருஷச் சிக்கலும். அதிலும் நோயாளி ஏற்கெனவே எலும்பும் தோலுமாக வந்திருந்தால் சிக்கல் இரட்டிப்பு. நான் சொல்ல வந்தது அந்தக் கதைதான். அதன் முக்கியமான அத்தியாயம் நம் நாட்டில் தொடங்குகிறது.

1943. வங்காளப் பஞ்சம். பாடப்புத்தகத்தில் நாலு வரி வரும். நானும் அந்த நாலு வரியை வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். அரசாங்கம் போட்ட விசாரணைக் குழு செத்தவர்கள் 15 லட்சம் என்றது. பின்னால் ஆராய்ந்தவர்கள் 20 லட்சம், 30 லட்சம் என்றார்கள். கல்கத்தா நடைபாதைகளில் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து மருத்துவமனைகளில் போட்டார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத விஷயம் அங்கேதான் இருக்கிறது. சாப்பாடு கிடைத்த பிறகும் அவர்கள் செத்தார்கள். வாயில் வைத்தது தங்கவில்லை. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

கல்கத்தாவின் அகில இந்திய சுகாதார நிறுவனத்தில் கிருஷ்ணன், நாராயணன், சங்கரன் என்ற மூன்று பேர் இதற்கு ஒரு வழி தேடினார்கள். குடலுக்கு செரிக்கிற வேலையே வைக்காமல், புரதத்தை வெளியிலேயே உடைத்து, கரைசலாக்கிக் கொடுத்தால் என்ன? 1944இல் இந்திய மருத்துவ இதழில் எழுதினார்கள். போர் நடக்கிற நேரத்தில், பஞ்சத்தின் நடுவில், கிடைத்ததை வைத்துச் செய்த வேலை. அந்தச் செய்தி லண்டன் வரை போனது. ஐரோப்பா விடுதலை ஆகும்போது பட்டினியில் கிடக்கிறவர்களுக்கு இதுதான் மருந்து என்று அங்கே பெரிய நம்பிக்கை பிறந்தது.

1945 ஏப்ரல் 15. ஜெர்மனியில் பெர்கன்-பெல்சன் சித்திரவதை முகாமுக்குள் பிரிட்டிஷ் படை நுழைந்தது. உள்ளே சுமார் 60,000 பேர். புதைக்கப்படாமல் 13,000 சடலங்கள். டைபஸ், காசநோய், பேதி. எல்லாவற்றுக்கும் அடியில் பட்டினி. சிப்பாய்கள் நல்ல மனசோடு தங்கள் ராணுவ ரேஷனைக் கொடுத்தார்கள். கொழுப்பு நிறைந்த டின் இறைச்சி. வாங்கிச் சாப்பிட்டவர்களில் பலர் அதனாலேயே செத்தார்கள். விடுதலைக்குப் பிறகு மட்டும் அங்கே இறந்தவர்கள் கிட்டத்தட்ட 14,000 பேர். நோயும் சேர்ந்துதான் கொன்றது என்றாலும், தப்பான சாப்பாட்டுக்கு அதில் பங்கு உண்டு.

அப்போது நம் வங்காளம் அங்கே போய்ச் சேர்ந்தது. 'வங்காளப் பஞ்சக் கலவை' என்றே அதற்குப் பெயர். சர்க்கரை தூக்கலாகப் போட்ட கஞ்சி மாதிரி ஒன்று. வங்காளத்தில் உயிர் காப்பாற்றியது என்று பேர் வாங்கியது. போலந்திலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வந்தவர்களுக்கு அந்தத் தித்திப்பு தொண்டையில் இறங்கவில்லை. பிறகு மிளகாய்த் தூள் வகையைச் சேர்ந்த பாப்ரிகா போட்டதும் கொஞ்சம் இறங்கியதாம். சாகக் கிடக்கிறவனுக்கும் நாக்கு இருக்கிறது! (காய்ச்சல் காரனுக்கு ஊறுகாய் தொட்டுக் கஞ்சி கொடுத்த நம் பாட்டிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

அதன் பிறகு ஜேனட் வான் என்ற பெண் மருத்துவர் தலைமையில் ஒரு சின்னக் குழு வந்தது. இந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். இளம் வயதில், ரத்தசோகைக்கு ஈரல் சாறு நல்லது என்று கேள்விப்பட்டு, ஊரெல்லாம் இறைச்சி அரைக்கும் எந்திரம் இரவல் வாங்கி ஈரல் அரைத்தவர். இரவல் கொடுத்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப். போர்க்காலத்தில் லண்டனின் ரத்த வங்கிகளை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர் பெல்சனுக்கு வந்தது அந்தப் புரதக் கரைசலைச் சோதிக்கத்தான். வாயால், மூக்குக் குழாயால், நரம்பூசியால் என்று மூன்று வழியிலும் கொடுத்துப் பார்த்தார்கள்.

வாயால் குடிக்க முடியாத அளவுக்கு அது கசந்தது. ஊசியையும் குழாயையும் எடுத்துக்கொண்டு போனால் நோயாளிகள் அலறினார்கள். அவர்கள் பார்த்த முகாம்களில் ஊசி என்றால் சாவு. எரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் போடுகிற ஊசி என்றே நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் வான் குழு கண்டது எளிய விஷயம். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, பக்கத்தில் உட்கார்ந்து கொடுப்பது அந்தக் கரைசலைவிட மேல். லண்டனிலிருந்து வந்திருந்த சுமார் நூறு மருத்துவ மாணவர்கள் ஆளுக்கொரு குடிலைப் பொறுப்பெடுத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தார்கள்.

கிருஷ்ணன் குழுவின் உழைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. குடலே வேலை செய்யாதவர்களுக்கு அந்த யோசனை பிற்காலத்தில் வேறு வடிவத்தில் உயிர் கொடுத்தது. 1960களில் அமெரிக்காவில் விண்வெளி வீரர்களுக்காகவும் இப்படி உடைத்த சத்துக்களைக் கரைசலாக்கும் ஆராய்ச்சி நடந்தது. இன்று கடையில் விற்கிற சில வகை டியூப் ஃபீடுகளுக்கு அதுதான் பாட்டன். 1968 வாக்கில் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்பவர், நாய்க்குட்டிகளுக்குக் குடலைத் தொடாமல் ரத்தக் குழாய் வழியாக மட்டுமே சாப்பாடு கொடுத்து வளர்த்துக் காட்டினார். மருத்துவ உலகமே வியந்தது. பணக்கார நாடுகளில், முடிந்தவர்களுக்கெல்லாம் நரம்பு வழியாகவே சத்து ஏற்ற ஆரம்பித்தார்கள்.

1981இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். மிகவும் மெலிந்து வந்த இரண்டு நோயாளிகளுக்கு நரம்பு வழியாகத் தாராளமாக ஊட்டச்சத்து ஏற்றியதால், இருவரும் இறந்துபோனார்கள் என்று. பெல்சனில் டின் இறைச்சி செய்ததை, சுத்தமான வார்டில் விலை உயர்ந்த பாட்டில் செய்திருந்தது. இதற்கு ஆங்கிலத்தில் ரீஃபீடிங் என்று பெயர் வைத்தார்கள். பெயர் புதிது, சங்கதி பழையது. கி.பி. 70இல் எருசலேம் முற்றுகையிலிருந்து தப்பி வந்தவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுச் செத்ததை யோசேபஸ் என்ற வரலாற்றாசிரியர் அப்போதே எழுதி வைத்திருக்கிறார்.

ஏன் அப்படி ஆகிறது? ஏழாம் வகுப்புக்குச் சொல்வது மாதிரி சொல்கிறேன். நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் உடம்பு மாவுச்சத்தை மறந்து கொழுப்பை எரித்து ஓட்டுகிறது. பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புகளின் இருப்பு உடம்புக்குள் வற்றிப்போகிறது. ஆனால் ரத்தத்தில் எடுத்துப் பார்த்தால் சரியாக இருப்பது போலத் தெரியும். திடீரென்று மாவும் சர்க்கரையும் உள்ளே போனதும் இன்சுலின் எகிறுகிறது. பசித்த செல்கள் ரத்தத்தில் மிச்சமிருந்த அந்த உப்புகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ரத்தம் காலி. இதயத் துடிப்பு தப்புகிறது. மூச்சு இழுக்கிற தசை தளர்கிறது. பி1 வைட்டமினும் தீர்ந்துபோய் மூளை குழம்புகிறது. அணைக்கட்டில் தண்ணீர் இல்லாதபோது எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைமடைக்கு ஒன்றும் போகாது, அந்த மாதிரி.

இப்போது மறுபடி வங்காளத்துக்கு வருகிறேன். கிழக்கு வங்காளம், டாக்கா. அங்கே 1960இல் காலரா ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி, பின்னால் சர்வதேச வயிற்றுப்போக்கு ஆய்வு மையம் ஆன மருத்துவமனை ஒன்று இருக்கிறது. உப்பு சர்க்கரைக் கரைசலுக்காக உலகம் அறிந்த இடம். 1990களில் அங்கே வந்த குழந்தைகள், வயிற்றுப்போக்கோடு மிக மோசமாக மெலிந்தவர்கள். ஒவ்வொரு டாக்டரும் தன் பழக்கப்படி வைத்தியம் பார்த்தபோது நூற்றுக்கு 17 குழந்தைகள் இறந்தன. எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றியபோது 9 ஆகக் குறைந்தது. 1999இல் லான்செட் இதழில் வந்த கணக்கு. புது மருந்து எதுவும் இல்லை. நரம்பு வழி நீரைக் குறைத்தது, சாப்பாட்டை உடனே ஆனால் சிறுகச் சிறுகத் தொடங்கியது, பொட்டாசியம் முதலான உப்புகளை மறக்காமல் கொடுத்தது, தொற்றுக்கு மருந்து கொடுத்தது. தேறி வருகிற குழந்தைகளுக்குக் கிச்சடியும் அல்வாவும். அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம் என்று அந்த ஊர் சமையலறைச் சாமான்.

அதே வருஷம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேட்டில் எஃப்-75 என்ற பாலின் செய்முறை இருக்கிறது. மாவு சேர்த்த வகைக்கு ஒரு லிட்டருக்கு 25 கிராம் பால்பொடி, 70 கிராம் சர்க்கரை, 35 கிராம் தானிய மாவு, 27 கிராம் எண்ணெய், கூட உப்புக் கலவை. 100 மில்லியில் 75 கலோரி. குழந்தை வாயால் முக்கால் வாசிக்கு மேல் குடிக்காவிட்டால் மூக்குக் குழாய். பால்பொடியின் அளவைக் கவனியுங்கள், எவ்வளவு குறைவு! மெலிந்த குழந்தைக்குப் புரதத்தை அள்ளிக் கொட்ட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கையேடு சொல்வது நேர்மாறு. முதல் சில நாள் உடம்பை நிலைப்படுத்து. எடை ஏற்றுகிற எஃப்-100 அதற்குப் பிறகுதான். நம் நாட்டு அரசு மறுவாழ்வு மையங்களில் இதையே பசும்பால், சர்க்கரை, பொரி மாவு, எண்ணெய் வைத்துக் கலக்குகிறார்கள்.

பெரியவர்கள் ஐ.சி.யூ.வில் என்ன நிலைமை? இங்கேயும் ஆய்வுகள் ஒவ்வொன்றாக அதே பக்கம் கை காட்டின. 2012இல் அமெரிக்காவில் 1000 நோயாளிகளுக்கு முதல் ஆறு நாள் பாதிப் பேருக்குக் கொஞ்சமாகவும் மீதிப் பேருக்கு முழுசாகவும் டியூப்பில் கொடுத்துப் பார்த்தார்கள். சாவில் வித்தியாசம் இல்லை. 2014இல் இங்கிலாந்தில் 33 ஐ.சி.யூ.க்களில் சுமார் 2400 பேருக்கு நரம்பு வழியா குடல் வழியா என்று பார்த்தார்கள். முப்பது நாள் கணக்கில் வித்தியாசம் இல்லை. 2018இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் கிட்டத்தட்ட 4000 பேருக்குக் கலோரி கூடுதலான ஃபீடும் சாதாரண ஃபீடும். அதிலும் வித்தியாசம் இல்லை. இவை எல்லாம் பெரும்பாலும் நல்ல உடம்போடு வந்தவர்கள். மெலிந்தவர்களுக்குப் பக்கத்தில் வருவது 2015இல் வந்த ஆய்வு. ஃபீட் ஆரம்பித்ததும் பாஸ்பேட் சரிந்த 339 பேரில், சில நாள் ஃபீடைக் குறைத்துப் பிறகு மெல்ல ஏற்றியவர்கள் அறுபதாம் நாளில் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள்.

இவ்வளவும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தங்கை. போன வருஷம் அவள் வீட்டுக்காரர் காசநோயில் 38 கிலோவுக்கு இறங்கி, நிமோனியாவும் சேர்ந்து, ஒரு தனியார் மருத்துவமனையில் வென்டிலேட்டரில் இருந்தார். டியூப் ஃபீடுக்கு டப்பா பவுடர் எழுதிக்கொடுத்தார்கள். அங்கேயே இருக்கிற கடையில்தான் வாங்க வேண்டும். முழு அளவு கொடுத்தால் 400 கிராம் டப்பா ஒரு நாளைக்குக்கூடச் சரியாக வராது. ஆறு நாளில் அவள் காதில் போட்டிருந்தது அடகுக்குப் போய்விட்டது. "அண்ணா, இந்தப் பவுடர் இல்லேன்னா அவர் பிழைக்க மாட்டாராண்ணா?" என்று கேட்டாள். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை.

பணம் தீர்ந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே டயட்டீஷியன் அம்மா எழுதிக்கொடுத்தது பால், சர்க்கரை, எண்ணெய், முட்டை வெள்ளைக்கரு, கூழாகக் கரைத்து வடிகட்டிய சத்துமாவு. முதல் நாள் இரண்டு மணிக்கு ஒருதரம் 50 மில்லி மட்டும். தங்கைக்குக் கோபம். "அங்க காசு வாங்கினாலும் வயிறு நிறையக் கொடுத்தாங்க, இங்க பட்டினி போடுறாங்க" என்று சிஸ்டரிடம் சண்டைக்குப் போனாள். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், என் கடைசி மாணவர்கள் வயசுதான் இருக்கும். உட்கார வைத்து, "அம்மா, உப்பு அளவு பார்த்துப் பார்த்து ஏத்துறோம். ஒரே நாள்ல கொடுத்தா இதயம் நின்னுடும்" என்று பொறுமையாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் கல்கத்தா வரைக்கும் போய் வந்தேன்.

கணக்குப் போட்டும் பார்த்தேன், பழக்கதோஷம். டியூப் ஃபீட் என்றால் பொதுவாக ஒரு மில்லிக்கு ஒரு கலோரி என்று எதிர்பார்க்கிறார்கள். 200 மில்லி பால் சுமார் 120 கலோரி. இரண்டு டீஸ்பூன் சர்க்கரை 40. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45. மொத்தம் 200க்குக் கொஞ்சம் மேலே. டப்பா பவுடரின் கணக்கும் அதேதான். ஆனால் வெறும் வடிகஞ்சியை ஊற்றினால் டியூப் நிறையும், உடம்பில் ஒன்றும் சேராது. வீட்டிலிருந்து அதைக் கொண்டுவந்து நம்பிக்கையோடு கொடுக்கிறவர்களை அந்த வராந்தாவில் நிறையப் பார்த்தேன்.

டப்பா பவுடர் மோசடி என்று இதைப் படித்துவிட்டு யாரும் சண்டை போட வேண்டாம். அதற்கு இடம் இருக்கிறது. அளவு மாறாது, குழாய் அடைக்காது, கிருமி குறைவு. மிக்ஸியில் அடித்த ஃபீடை பிலிப்பைன்ஸ் மருத்துவமனைகளில் சோதித்தபோது கிருமிகள் ஏராளமாக இருந்தன. நம் ஊர் வெயிலில் காலையில் கரைத்ததை மத்தியானம் கொடுத்தால் கேட்கவே வேண்டாம். கரைத்த உடனே கொடுக்க வேண்டும், நன்றாக வடிகட்ட வேண்டும், கொடுத்து முடித்ததும் கொதித்து ஆறிய தண்ணீரால் குழாயைக் கழுவ வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர், கிட்னி கெட்டவர் என்றால் கணக்கே வேறு. மேலே நான் போட்ட கணக்கை யாரும் சிரிஞ்சில் எடுத்துவிடாதீர்கள். "பால், முட்டை வைத்து ஃபீட் கொடுக்கலாமா? பாஸ்பேட், பொட்டாசியம் பார்த்தீர்களா?" என்ற இரண்டு கேள்வியை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற டாக்டர் குறைவு.

தங்கை வீட்டுக்காரருக்கு மூன்றாம் நாள் பாஸ்பேட் இறங்கியது. ஃபீடைக் கூட்டாமல் அப்படியே நிறுத்தி வைத்து, உப்பு ஏற்றி, இரண்டு நாள் கழித்து 75 மில்லி, பிறகு 100 என்று போனார்கள். பதினாறாம் நாள் டியூப்பை எடுத்தார்கள். இப்போது 47 கிலோ. காசநோய் மாத்திரை இன்னும் இரண்டு மாசம் பாக்கி இருக்கிறது.